ஏற்காட்டில் ஆடிய ஸ்னோ பிரதர்ஸ், வீட்டில் ஆடிய ஸ்னோ பிரதர்ஸ்: புதுக் கேசட்டில் எது வரும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் கோடை விழாவுக்கு ஏற்காடு போனபோது ஏரிப் பக்கத்துக் கடை ஒன்றில் காசு போட்டு ஸ்னோ பிரதர்ஸ் ஆடியிருக்கிறீர்கள். பனிப் பையன்கள் அரக்கர்களைப் பனி உருண்டையாக்கி உருட்டிவிடும் வீடியோ ஆட்டம் அது. அதே ஆட்டம் சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் டி.வி. கேம் கேசட்டிலும் இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே ஆட்டமாகத் தெரியவில்லை: வீட்டில் உருவங்கள் மினுக்கின, ஆட்டமும் சோம்பலாக இருந்தது, மலையில் ஆடியதோ கடினமாக இருந்தது. இப்போது பழைய ஆர்கேட் ஆட்டங்களை, அதாவது கடைப் பெட்டிகளில் காசு போட்டு ஆடியவற்றை, பழைய கன்சோல்களில் சொருகும் கேசட்டாகவே புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள், வாங்கினால் அசல் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அசல் எது என்பது ஒன்று. நான் ஆடியது திரும்பக் கிடைக்குமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வேறு வேறு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து சேலத்தில் டி.வி., டி.வி. கேம், காயின் மெஷின் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். மே மாத சீசனுக்கு முன்னால் ஏற்காட்டுக் கடைகளின் பெட்டிகளைத் தயார்செய்ய மேலே போய் வருவேன். அங்கே பனியும் ஈரமும் அதிகம் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டின் விளிம்புத் தொடுமுனைகள் கறுத்துப்போகும். பாதிப் பெட்டிகளில் அதைத் துடைத்தாலே ஆட்டம் உயிர்பெற்றுவிடும். அப்படிப் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதும், சிப்புகளின் விவரத்தாள்களைப் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் கீழே இருக்கிறது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. மலையில் நீங்கள் ஆடியதும் வீட்டில் ஆடியதும் வேறு வேறு நிரல்கள். ஸ்னோ பிரதர்ஸ் ஜப்பானின் டோவாப்ளான் நிறுவனம் 1990-ல் ஆர்கேடுக்காகச் செய்தது. அந்தப் போர்டில் ஆட்டத்தை நடத்துவது 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68000 ப்ராசஸர், ஒலிக்குத் தனியாக ஒரு இசட்80 ப்ராசஸர், இசைக்கு யமஹாவின் ஒய்எம்3812. படத்தை வரைவது கனேகோ நிறுவனத்தின் பண்டோரா என்ற சிப். இந்தப் பண்டோரா ரசிக்கத்தக்க ஒரு விஷயம். பெரும்பாலான ஆட்டங்களில் பின்னணிக் காட்சி ஓர் அடுக்கு, ஆடும் உருவங்கள் இன்னோர் அடுக்கு. ஸ்னோ பிரதர்ஸில் அந்தப் பிரிவே கிடையாது. நிற்கும் தளம், பின்னணி, பனிப் பையன்கள், அரக்கர்கள் எல்லாமே ஸ்ப்ரைட்தான், அதாவது திரையில் தனியாக நகர்த்தக்கூடிய சின்னப் படத்துண்டுகள். நூற்றுக்கணக்கான ஸ்ப்ரைட்டுகளை ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கித்தான் முழுத் திரையையும் அது கட்டுகிறது. அதனால் ஒரே தளத்தில் ஏழெட்டுப் பேர் நின்றாலும், நடுவில் பனி உருண்டை உருண்டு எல்லாரையும் வாரிக்கொண்டு போனாலும், ஒரு உருவம்கூட மங்காது.

வீட்டில் இருந்தது 1991-ல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கும், அதன் வெளிநாட்டு வடிவமான என்.இ.எஸ்ஸுக்கும் வந்த பதிப்பு. அமெரிக்காவில் அதை கேப்காம் வெளியிட்டது. ஆர்கேட் நிரலை அந்தக் கன்சோலில் அப்படியே ஓட்ட வழியே இல்லை. 68000-க்கு எழுதிய கட்டளை எதுவும் 1.79 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்த 8 பிட் சிப்புக்குப் புரியாது. ஆக, முதலிலிருந்து வேறொரு நிரலாக எழுதினார்கள். எழுதியவர்கள் நன்றாகவே எழுதினார்கள் என்பது என் கருத்து. ஆனால் அந்தக் கன்சோலின் ஒரு வரம்பு இந்த வகை ஆட்டத்துக்கு மிகவும் பாதகமானது. ஒரு திரையில் மொத்தம் 64 ஸ்ப்ரைட், ஒரே கிடைமட்டக் கோட்டில் 8 ஸ்ப்ரைட் மட்டும்தான் வரையும். ஒரு ஸ்ப்ரைட்டின் அகலம் 8 புள்ளி. பனிப் பையன் அளவுள்ள உருவத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே தளத்தில் நான்கு பேர் நின்றால் கோட்டா முடிந்தது. தளத்துக்குத் தளம் தாவி ஏறும் ஆட்டத்தில் எதிரிகள் எல்லாரும் ஒரே மட்டத்தில்தான் வரிசையாக நிற்பார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் நிரல் திரையை வரையும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரை விட்டுவிட்டு வரையும். அதுதான் நீங்கள் எழுதியிருந்த அந்த மினுக்கல். உங்கள் டி.வி.யிலோ கேசட்டிலோ கோளாறு எதுவும் இருந்திருக்கவில்லை.

அடுத்தது வேகம். "வீட்டில் ஆடியது கொஞ்சம் சோம்பலாக இருந்த மாதிரி ஞாபகம், இது மனப் பிரமையா?" என்று கேட்டிருந்தீர்கள். பிரமை இல்லை. நம் ஊர் டி.வி. அப்போது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 50 தடவை திரை புதுப்பிக்கும். ஜப்பான், அமெரிக்கக் கன்சோல்கள் விநாடிக்கு ஏறத்தாழ 60. அந்தக் காலத்து ஆட்டங்கள் நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளக்கவில்லை, திரை எத்தனை முறை புதுப்பித்தது என்று எண்ணித்தான் அளந்தன. நம்மிடம் விற்ற டி.வி. கேம் பெட்டிகள் ஃபேமிகாமின் நகல்கள். நான் திறந்த பழைய பெட்டிகளில் பெரும்பாலும் தைவானின் யு.எம்.சி. செய்த 6527பி, 6538 என்ற சிப் ஜோடிதான் இருக்கும். பிற்காலத்தில் எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பிசின் பொட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். அந்த யு.எம்.சி. ஜோடி 60-க்கு எழுதிய கேசட்டை 50-ல் பழுதில்லாமல் ஓட்டும்படி யோசித்துச் செய்தது. ஆட்டம் சிதறாது, ஆனால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டு 72 விநாடி இழுக்கும். சுருதி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஏனென்றால் சுருதியைத் தீர்மானிப்பது ப்ராசஸரின் கடிகாரம், அது 1.77 மெகாஹெர்ட்ஸ், அசலோடு ஒரு சதவீதம்தான் வித்தியாசம். தாளம் தளர்ந்து சுருதி குலையாத அந்த இசைதான் நம் ஊர்ப் பிள்ளைகள் காதில் பதிந்தது. இன்னொன்றும் உண்டு. அந்த 6527பி சிப்பில் சதுர அலையின் இரண்டு வடிவ அமைப்புகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கும். அதனால் மெட்டு அதேதான் என்றாலும் குரல் வேறாகக் கேட்கும். ஜப்பான் கன்சோலில் எடுத்த பதிவை இன்று கேட்டு "இது நான் கேட்ட பாட்டில்லையே" என்று பலர் என்னிடம் சொல்வதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

மலையில் இருந்த ஆர்கேட் போர்டு அசல் என்றால் திரையைப் புதுப்பிப்பது விநாடிக்கு ஏறத்தாழ 57.5 முறை. வீட்டில் 50. இன்று நீங்கள் வாங்கப்போகும் பெரும்பாலான வடிவங்கள் 60. ஆக மூன்று வேகங்கள். எமுலேட்டரில், அதாவது பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், ஓடும் ஆர்கேட் பதிப்பை 60-க்கு இழுத்துக் கட்டினால் மலையில் ஆடியதைவிட நான்கு சதவீதம் வேகம் கூடும். சாதாரணமாகத் தெரியாது. ஆனால் கடைசித் தளங்களில் கை அதை உணரும். இதோடு சிவப்பு மருந்துப் புட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எடுத்தால் பையன் வேகமாக ஓடுவான், ஓர் உயிர் போனால் அந்த வேகமும் போய்விடும். "அப்போ பறந்தது" என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் அந்தப் புட்டிக்கும் பங்கு இருக்கலாம்.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. ஏற்காட்டில் நீங்கள் ஆடியது டோவாப்ளானின் அசல் போர்டுதானா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆட்டத்துக்கு நகல் போர்டுகள் ஏராளம். உருவங்களை மாற்றி "தி வின்டர் பாபிள்" என்ற பெயரிலேயே ஒரு நகல் சுற்றியது. ப்ளைவுட் பெட்டி, உள்ளே டி.வி. பிக்சர் டியூப், மின்சாரம் தரும் ஒரு எஸ்.எம்.பி.எஸ்., ஜாமா என்ற 56 முனைப் பொது இணைப்பு, அதில் எந்தப் போர்டையும் சொருகலாம். கடைக்காரர் சந்தையில் கிடைத்ததை வாங்கிச் சொருகுவார், அசலா நகலா என்பது அவருடைய கவலை கிடையாது. அசல் போர்டாகவே இருந்தாலும் அதில் டிப் சுவிட்சுகள் உண்டு. கடினம் எவ்வளவு, உயிர் எத்தனை, தோற்றபின் காசு போட்டுத் தொடரலாமா, எல்லாவற்றையும் அந்தச் சின்ன வெள்ளை நெம்புகளை மேலும் கீழும் தள்ளி மாற்றலாம். சீசன் கூட்டத்தில் ஒரு பிள்ளை ஒரே காசில் அரை மணி நேரம் ஆடினால் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கடினத்தை ஏற்றிவைக்கச் சொல்வார்கள், நானே வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆகவே மலையில் ஆடியது கடினமாக இருந்தது என்ற உங்கள் ஞாபகம் சரியாகவே இருக்கலாம். அதற்குக் காரணம் ஆட்டமா, நகல் போர்டா, சுவிட்சா என்பதைப் பெட்டியைத் திறக்காமல் பிரித்துச் சொல்ல முடியாது.

நகல் போர்டு விவகாரம் சின்ன விஷயமில்லை என்பதற்கு இதே வகையில் மூத்த ஆட்டமான பபிள் பாபிளைச் சொல்லலாம். டைட்டோ 1986-ல் வெளியிட்டது. அசல் போர்டில் பூட்டு மாதிரி ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் இருந்தது, அதற்குள்ளும் ஆட்டத்தின் ஒரு பகுதி ஓடியது. நகல் செய்தவர்களால் அதைப் படிக்க முடியவில்லை, ஊகித்து எழுதிச் சமாளித்தார்கள். எமுலேட்டர்களும் வெகுகாலம் ஊகத்தை வைத்துத்தான் ஓடின. பல ஆண்டுகள் கழித்து அந்தச் சிப்பின் உள்ளடக்கத்தைப் படித்தெடுத்த பிறகுதான் அசலின் நடத்தை முழுதாகத் தெரிந்தது. ஒரு மறுவெளியீடு எதை மூலமாக எடுத்தது என்று நான் விடாமல் கேட்பதற்கு இதுதான் காரணம்.

சரி, மறுவெளியீட்டுக்கு வருவோம். விற்பனைக்கு வருபவற்றைப் பார்த்தால் மூன்று விதம்தான். ஆர்கேட் போர்டின் நிரலை எடுத்து இன்றைய கருவியில் எமுலேட்டர் மூலம் ஓட்டுவது ஒரு விதம். அந்தக் காலத்து வீட்டுப் பதிப்பையே புதுக் கேசட்டில் அச்சடித்து விற்பது இன்னொரு விதம். ஆட்டத்தைப் புதிதாக எழுதுவதோ வரைவதோ மூன்றாவது. 2022-ல் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் வந்த ஸ்னோ பிரதர்ஸ் ஸ்பெஷல் மூன்றாவது ரகம். பெட்டியின் மேல் எல்லாவற்றிலும் ஒரே பெயரும் ஒரே மாதிரிப் படமும்தான் இருக்கும், அதனால் வாங்குமுன் இது எந்த விதம் என்று விவரக்குறிப்பில் தேடுங்கள். பழைய கன்சோலில் சொருகும் கேசட் என்றால் அது கண்டிப்பாக இரண்டாவதோ மூன்றாவதோதான். எட்டு பிட் கன்சோலுக்கு ஆர்கேட் மூலத்தை அப்படியே கொண்டுவர முடியாது.

இந்த வித்தியாசம் எவ்வளவு காலம் மறைந்தே கிடக்கலாம் என்பதற்கு நின்டெண்டோவின் டாங்கி காங் நல்ல உதாரணம். 1981-ல் ஆர்கேடில் வந்தபோது நான்கு நிலைகள். 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் விற்பனைக்கு வந்த அதே நாளில் வீட்டுப் பதிப்பும் வந்தது, மூன்று நிலைகளோடு. அந்தக் கேசட்டில் இருந்த இடம் 24 கிலோபைட்தான். சிமென்ட் தட்டுகள் கன்வேயரில் ஓடும் நிலையை விட்டுவிட்டார்கள். ஆர்கேடில் நெடுக்காக இருந்த திரையை வீட்டு டி.வி.க்காகக் குறுக்காகவும் மாற்ற வேண்டியிருந்தது. பிறகு பல கன்சோல்களில் மறுபடி மறுபடி விற்றது இந்த மூன்று நிலைப் பதிப்பைத்தான். 2010-ல் ஐரோப்பாவில் சிவப்பு நிற வீ கன்சோலோடு, விட்டுப்போன நிலையைச் சேர்த்த ஒரு பதிப்பைக் கொடுத்தார்கள். அசல் ஆர்கேட் நிரல் தனி ஆட்டமாக வீட்டுக் கன்சோலில் விற்பனைக்கு வந்தது 2018 ஜூனில், ஹாம்ஸ்டர் நிறுவனத்தின் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசையில். அத்தனை வருடம் வீட்டில் ஆடியவர்கள் அந்த நிலை ஒன்று இருந்ததே தெரியாமல் ஆடினார்கள்.

பழைய கன்சோலில்தான் ஆட வேண்டும், ஆனால் ஆர்கேடுக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும் என்றால் எனக்குப் பிடித்தது செகாவின் 16 பிட் கன்சோலான மெகா டிரைவுக்கு வந்த பதிப்பு. 1993-ல் டெங்கென் நிறுவனம் ஜப்பானில் மட்டும் வெளியிட்டது. மெகா டிரைவின் மூளையும் அதே 68000, வேகம் 7.67 மெகாஹெர்ட்ஸ். அதிலும் பக்கத்தில் ஓர் இசட்80. ஸ்ப்ரைட் 80, ஒரு கோட்டில் 20 வரை. எட்டு பிட் பதிப்பில் மினுக்கிய கூட்டம் இதில் அமைதியாக நிற்கும். நிறங்களில் மட்டும் சமரசம் உண்டு. ஆர்கேட் போர்டு 32,768 நிறங்களிலிருந்து 256-ஐ ஒரே நேரத்தில் காட்டும், மெகா டிரைவ் 512-லிருந்து 64. பனியின் நீல நிழல்களில் அந்தக் குறை தெரியும். ஆர்கேடின் 50 தளங்களுக்கு மேல் புதுத் தளங்களையும் சேர்த்திருக்கிறார்கள்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. டோவாப்ளான் 1994-ல் திவாலானது. நிறுவனம் மூடியதால் ஆட்டங்கள் யாருக்கும் சொந்தமில்லாததாக ஆகிவிடவில்லை. அங்கே இசையமைத்த மசாஹிரோ யுகே பின்னாளில் தொடங்கிய டாட்சுஜின் நிறுவனம் டோவாப்ளான் ஆட்டங்களின் உரிமையைப் பார்த்துக்கொள்கிறது. மறுவெளியீடு என்று எதைப் பார்த்தாலும் யாருடைய அனுமதியோடு வந்தது என்று அட்டையில் தேடுங்கள். நாம் சின்ன வயதில் ஆடிய "99,99,999 இன் 1" கேசட்டுகள் ஒன்றுக்கும் அனுமதி இல்லை. அப்போது நமக்கு வேறு வழியும் இருக்கவில்லை. இப்போது வழி இருக்கும்போது அந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்குக் காசு போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அனுமதியில்லாத கேசட்டில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது, இது என் தொழில் சம்பந்தப்பட்டது. பழைய கன்சோல்கள் 5 வோல்ட்டில் ஓடுபவை. இன்று மலிவாகக் கிடைக்கும் ஃபிளாஷ் சிப்புகள் 3.3 வோல்ட்டுக்கானவை. நல்ல தயாரிப்பாளர் நடுவில் மின்னழுத்தத்தை மாற்றும் சிப்புகளைப் போடுவார், மலிவுக் கேசட்டில் அதை விட்டுவிடுவார்கள். அது சிப்பைச் செய்தவர் விதித்த வரம்புக்கு வெளியே போகிறது என்பது உறுதி. கன்சோலையே எவ்வளவு சீக்கிரம் கெடுக்கும் என்பதில் பழுதுபார்ப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. கேசட் முதலில் சாகும் என்பது என் அனுபவம், கன்சோல் செத்து என்னிடம் வந்ததில்லை. போர்டின் தடிமனையும் பாருங்கள். ஃபேமிகாம், என்.இ.எஸ். கேசட் போர்டு 1.2 மில்லிமீட்டர். சாதாரண 1.6 மில்லிமீட்டர் போர்டைத் திணித்தால் சொருகியின் உலோக நாக்குகள் அகன்றுவிடும், பிறகு நல்ல கேசட்டும் ஒழுங்காகத் தொடாது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டி இன்னும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது 60 முனை ஃபேமிகாம் வகையாகத்தான் இருக்கும். புதிதாக வரும் கேசட்டுகளில் பல 72 முனை என்.இ.எஸ். வகை. நடுவில் அடாப்டர் வேண்டும், அது தனியாகக் கிடைக்கிறது. என்.இ.எஸ்ஸில் இருந்த பூட்டுச் சிப் நம் பெட்டிகளில் இல்லாததால் அந்தத் தடை வராது. அதை இன்றைய தட்டை டி.வி.யில் மாட்டினால் பொத்தானை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் பையன் குதிப்பான். பழைய கன்சோல் அனுப்பும் படத்தைப் பல புது டி.வி.கள் தவறாகப் புரிந்துகொண்டு, இரண்டு பாதிகளாக வரும் படத்தை ஒட்ட வேண்டும் என்று நினைத்து நேரம் எடுத்துக்கொள்கின்றன. கேம் மோடு இருந்தால் போடுங்கள், கொஞ்சம் குறையும். பழைய பிக்சர் டியூப் டி.வி. ஒன்று கிடைத்தால் அதுவே சிறந்தது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால் பயப்பட வேண்டாம். பால் முறையில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 288, கன்சோல் வரைவது 240.

இவ்வளவையும் வைத்து உங்களுக்கு நான் சொல்வது: ஏற்காட்டில் ஆடியதுதான் வேண்டுமென்றால் கேசட்டைத் தேடாதீர்கள். உரிமையோடு வந்த, ஆர்கேட் மூலத்தை ஓட்டும் பதிப்பு கிடைக்கும்போது வாங்குங்கள். அதில் டிப் சுவிட்ச் அமைப்புகளை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கடினத்தை ஏற்றிவிட்டு ஆடுங்கள். அஸ்தம்பட்டி வீட்டில் ஆடியது வேண்டுமென்றால், எட்டு பிட் பதிப்பின் நல்ல கேசட்டோடு உங்கள் பழைய பெட்டியே போதும், புதுக் கன்சோலில் போட்டால் வேகம் கூடிவிடும். பெட்டியை எடுத்ததும் உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்ததில் கரண்ட் அடாப்டரின் மின்தேக்கி வறண்டிருக்கலாம். அதை மாற்றி, வெளிவரும் வோல்ட்டை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் கேசட்டைச் சொருகுங்கள்.